கிழவியின் எண் போட்ட குழாய்

சுவிஸுக்கு வந்த புதிதில் என்ன வேலை செய்தீர்கள் என்று யாராவது கேட்டால், சிறுநீர் சேர்த்தேன் என்று சொல்வேன். கேட்டவரின் முகம் போகிற போக்கைப் பார்க்க எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். ஆனால் அது பொய் இல்லை. எண்பதுகளின் பிற்பகுதியில், சூரிச்சில் ஓர் ஆய்வுகூடத்தின் நிலவறையில், எனக்குச் சம்பளம் தந்த வேலை அதுதான்.

முதலில் ஆய்வுக்கு வைத்திருந்த விலங்குகளின் கூடு கழுவத்தான் எடுத்தார்கள். நாங்கள் சூரிச்சுக்குப் பக்கத்தில் அட்லிஸ்வில் என்ற ஊரில் ஓர் அறையில் இருந்தோம். கணவர் ஓர் உணவகத்தின் சமையலறையில் கோப்பை கழுவினார். அகதி விண்ணப்பம் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருந்தவர்களுக்கு அந்தக் காலத்தில் கிடைத்தது கழுவுகிற வேலைதான். அவருக்குக் கோப்பை, எனக்குக் கூடு. என் வேலையைப் பற்றி அவரிடம் கேட்டால், "அவ யூனிவர்சிற்றிப் பக்கம்" என்பார். என்ன பகுதி என்று மேலே கேட்டால், "விஞ்ஞானம்" என்று சொல்லிவிட்டு மழையைப் பற்றிக் கதைக்கத் தொடங்கிவிடுவார்.

அந்த விலங்குகளுக்கு ஒப்போசம் என்று பெயர். தென்னமெரிக்காவைச் சேர்ந்தவை. பார்த்தால் எலி என்றுதான் நீங்களும் சொல்வீர்கள். நான் கடைசிவரை எலி என்றுதான் சொன்னேன். சாம்பல் நிறம், கூர் மூக்கு, மயிரில்லாத குட்டை வால். ஆனால் அதற்கு உறவு எலி இல்லை, கங்காரு. குட்டி ஒரு பயறு அளவில் பிறந்து தாயின் முலையைக் கவ்விக்கொண்டு தொங்கும். கங்காருவுக்கு இருக்கிற பைகூட இதற்கு இல்லை. பையில்லாத பை விலங்கைப் பார்க்கவா இவ்வளவு தூரம் வந்தேன் என்று எனக்கு முதல் நாள் எரிச்சலாக இருந்தது.

ஆய்வு செய்தவள் ஒரு சுவிஸ்காரி. முனைவர் பட்டத்துக்காகச் செய்துகொண்டிருந்தாள். நிலவறைக் கதவில் தலை இடிக்கிற உயரம். நான் மனதுக்குள் நெட்டைச்சி என்று பெயர் வைத்திருந்தேன். டொச் என்கிற ஜெர்மன் மொழியும் ஆங்கிலமும் கலந்து நிறுத்தி நிறுத்திக் கதைப்பாள். அவள் சொன்னதெல்லாம் இப்போது எனக்கு எங்கள் தமிழில்தான் ஞாபகம் இருக்கிறது. கோபக்காரி. நானும் கோபக்காரி. அதனால் ஒத்துப்போனது.

அவளுடைய கேள்வி எனக்கு விளங்கக் கொஞ்ச நாள் எடுத்தது. தனியே வைத்த பெண் எலி ஆணைத் தேடுகிற பருவத்துக்கு வருவதில்லை. தன் பாட்டுக்குச் சும்மா கிடக்கும். அதைக் கொண்டுபோய் ஆண் இருந்த கூட்டில் விட்டால், ஆண் அங்கே இல்லாவிட்டாலும் சில நாட்களில் பருவம் வந்துவிடும். ஆண் நனைத்துவிட்டுப் போன இடத்தில் பெண் மூக்கை வைத்துத் தேய்ப்பதை நானே எத்தனையோ தரம் பார்த்திருக்கிறேன். எட்டி நின்று மணப்பதோடு விடாது. மூக்கு ஈரத்தில் பட வேண்டும். அதனால்தான் நெட்டைச்சிக்குச் சந்தேகம். ஆண் விட்டுப்போகிற செய்தி காற்றில் பறக்கிற மணத்தில் மட்டும் இல்லை, சிறுநீரில் இருக்கிற ஏதோ கனமான பொருளிலும் இருக்கிறது, அது புரதமாக இருக்கலாம் என்று நினைத்தாள். ஆண் சுண்டெலி சிறுநீரில் புரதத்தைக் கொட்டித் தீர்க்கும் என்றும், அந்தப் புரதம் மணத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு மெல்ல மெல்ல விடுகிறதோ என்று சிலர் யோசிக்கிறார்கள் என்றும் சொன்னாள். கங்காருவின் சொந்தக்காரருக்கும் அப்படி ஒன்று உண்டா என்று கண்டுபிடிப்பதுதான் அவளுடைய பட்டம்.

கடி வாங்காமல் பிடிக்கப் பழகிக்கொண்டதால் கூடு கழுவுகிற வேலையில் இருந்து எனக்கு உயர்வு கிடைத்தது. எலியைத் தூக்கினால் பயத்தில் சில துளி விடும். அதை ஒரு சின்னப் புனலில் பிடித்து, குழாயில் சேர்த்து, கூட்டின் எண்ணைக் குழாயில் எழுத வேண்டும். பிறகு அதில் கொஞ்சத்தை வேறாக எடுத்து ஓர் அமிலத்தில் சில துளி விட வேண்டும். புரதம் இருந்தால் கலங்கும். ஆண்களுடையது அரிசி கழுவின தண்ணீர்போல இலேசாகக் கலங்கும். பெண்களுடையது அநேகமாகத் தெளிவாகவே இருக்கும். கலங்கியதை நெட்டைச்சி ஜெலி போன்ற ஒரு மெல்லிய தகட்டில் விட்டு, மின்சாரம் பாய்ச்சி, நீலச் சாயத்தில் போடுவாள். புரதங்கள் பிரிந்து நீலக் கோடுகளாகத் தெரியும்.

அந்த நேரம் நான் முதல் பிள்ளையை வயிற்றில் வைத்திருந்தேன். ஏழாம் மாதம். கனமான கூடுகளைத் தூக்காதே என்று நெட்டைச்சி சொல்லியிருந்தாள். மற்றபடி எல்லாம் நன்றாகத்தான் இருக்கிறது என்று நான் நினைத்தேன். கால் வீங்கியது, நின்று வேலை செய்தால் வீங்காமல் என்ன செய்யும்? விரலில் இருந்த மோதிரம் சவர்க்காரம் போட்டும் கழலவில்லை. தலையிடிக்கு எலி மணத்தைக் குற்றம் சொன்னேன்.

வைத்தியரிடம் போகவேண்டிய நாள் ஒன்று வந்தது. கணவருக்கு லீவு கிடைக்கவில்லை. மொழிபெயர்க்க அவருடைய சிநேகிதர் ஒருவர்தான் இருந்தார். கலியாணம் ஆகாத பொடியன். முந்தின தரமும் அந்தப் பொடியன்தான் என்னோடு வந்திருந்தார். வைத்தியர் என் உடம்பைப் பற்றிக் கேட்பதை அவர் நிலத்தைப் பார்த்துக்கொண்டு தமிழில் சொல்ல, நான் சுவரைப் பார்த்துக்கொண்டு எல்லாவற்றுக்கும் "சுகமாத்தான் இருக்கு" என்று பதில் சொன்னேன். அந்தக் கோதாரியை இன்னொரு தரம் பட எனக்கு மனமில்லை. இந்தமுறை போகாமல் விட்டுவிட்டு, போனேன் என்று கணவருக்குச் சொன்னேன். அவர் அதற்கு மேல் கேட்கவில்லை. அவருக்கும் அந்தக் கதையெல்லாம் கூச்சம்.

எனக்கு இருந்த ஒரே யோசனை, பிள்ளை பொடியனோ பெட்டையோ என்பதுதான். வயிற்றின் அமைப்பைப் பார்த்துச் சொல்ல அட்லிஸ்வில்லில் எங்கள் பெண்கள் ஒருவரும் இல்லை. ஓல்டன் நகரத்தில் ஒருத்தி இருந்தாள், கூடப் படித்தவள். அவளுக்கு ஃபோன் எடுத்தேன்.

"வயிறு கூரா இருக்கோ, அகண்டு இருக்கோ?" என்று கேட்டாள்.

"மேலை கூர், கீழை அகலம்."

"அப்ப ரெண்டும் இருக்குதாக்கும். விசர்க் கதை கதையாதையடி, ஃபோனிலை நான் என்னத்தைப் பாக்கிறது?"

அடுத்த நாள் எலிகளின் குழாய்களை அடுக்கி வைத்துவிட்டு அமிலப் போத்தலைக் கையில் எடுத்தபோதுதான் எனக்கு அந்த நினைப்பு வந்தது. ஆண் என்றால் கலங்கும், பெண் என்றால் கலங்காது. நாள் முழுக்க இதைத்தானே பார்க்கிறேன். வயிற்றுக்குள் ஆண் இருந்தால் அதன் அடையாளம் என் சிறுநீரில் வராமலா போகும்? இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு அது எனக்கு நல்ல விஞ்ஞானமாகத் தெரிந்தது.

கழிவறைக்குப் போய் ஒரு குழாயில் பிடித்துக்கொண்டு வந்தேன். எண் இல்லாத குழாயைக் கண்டால் நெட்டைச்சி கத்துவாள் என்பதால் கிழவியின் எண்ணை எழுதினேன். கிழவி என்று நான் சொன்னது அங்கே எல்லாவற்றிலும் வயதான பெண் எலியை. அதை இணை சேர்ப்பதை நிறுத்திவிட்டார்கள். அதன் சிறுநீரை ஒருவரும் கவனிப்பதில்லை. புழு கொடுத்தால் என் விரலைப் பிடித்துக்கொண்டு தின்னும். எனக்கு அதில் ஒரு பிரியம்.

அமிலத்தில் சில துளி விட்டேன். கலங்கியது என்று சொன்னால் போதாது, பாலாகத் திரண்டது. எந்த ஆண் எலிக்கும் அப்படி வந்ததை நான் கண்டதில்லை. எனக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. பொடியன்தான், அதுவும் சும்மா பொடியன் இல்லை என்று நினைத்துக்கொண்டு வயிற்றைத் தடவினேன். கண்ணூறு படும் என்று ஒருவருக்கும் சொல்லக்கூடாது என்றும் முடிவு செய்தேன். கதவு திறந்து நெட்டைச்சி உள்ளே வந்தது அப்போதுதான்.

அவள் நேரே அந்த வெள்ளைக் குழாயைத்தான் பார்த்தாள். பிறகு எண்ணைப் பார்த்தாள்.

"இது கிழவியின்ரையோ?"

நான் தலையாட்டினேன். வேறென்ன செய்ய? என்னுடையது என்று சொல்லிவிட்டு எந்த மூஞ்சியோடு அங்கே நிற்பது?

"பெண்ணுக்கு இப்பிடி வாறதோ? கிழண்டாப் பிறகு ஆணின்ரை புரதம் வருது போலை." அவள் மீதிச் சிறுநீர் இருந்த குழாயை எடுத்துக்கொண்டு மேலே ஓடினாள். பேராசிரியருக்குச் சொல்லப் போனாள் என்பது அவள் படியில் கத்திக்கொண்டு போனதில் விளங்கியது. எனக்குக் கொஞ்சம் பயம் வந்தது. ஆனால் நாளைக்குக் கிழவியின் உண்மையான சிறுநீரைப் பிடித்துக் கொடுத்தால் தெளிவாக இருக்கும், ஏதோ பிழை என்று விட்டுவிடுவார்கள் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு வீட்டுக்குப் போனேன். ரயிலில் மகனுக்குப் பெயர்கூட யோசித்தேன்.

மறுநாள் காலையில் நான் போனபோது நெட்டைச்சி சாயம் போட்ட தகட்டை வெளிச்சப் பெட்டியின் மேல் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் நேற்றைய துள்ளல் இல்லை. என்னைக் கூப்பிட்டுக் காட்டினாள். ஆண்களின் கோடுகள் மெல்லியதாகக் கீழே இருந்தன. அளவு பார்ப்பதற்காக, மாட்டின் இரத்தத்தில் இருந்து எடுத்த புரதம் ஒன்றை ஓரத்தில் ஓட விடுவார்கள். அதன் கோடு மேலே இருந்தது. கிழவியின் எண்ணில் ஒரே ஒரு தடித்த கோடு, மாட்டுக் கோட்டுக்கு நேரே நின்றது.

"இது ஆண்களின்ரை புரதம் இல்லை," என்றாள். "செய்தியும் இல்லை, ஒண்டும் இல்லை. இது இரத்தத்திலை இருக்கிற புரதம். வெளியிலை வரக்கூடாதது. சிறுநீரகம் பழுதாப்போனால்தான் இப்பிடிக் கசியும். பாவம். கிழவி கன நாள் இருக்கமாட்டாள்."

அவள் சொன்ன கிழவி நான் என்பது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.   

"கஷ்டப்பட விடக்கூடாது. இண்டைக்கே முடிச்சு, சிறுநீரகத்தை எடுத்துப் பாப்பம்," என்று சொல்லிவிட்டு மயக்க மருந்துச் சாடியை எடுத்து மேசையில் வைத்தாள். பிறகு கூட்டைத் திறக்கப் போனாள்.

எனக்கு ஒரு பொய் தேவைப்பட்டது. குழாய் மாறிப்போய்விட்டது என்று சொல்லலாம். அப்படியானால் எந்த எலியின் குழாய் என்று கேட்பாள். அந்த எலியைக் கொல்லுவாள். குழாய் அழுக்காக இருந்தது என்று சொல்லலாம். இரத்தப் புரதம் எங்கேயிருந்து வந்தது என்பாள். உண்மையைச் சொன்னால் வேலை போகும், மானமும் போகும், ஒப்போசம் ஆராய்ச்சியில் தன் சலத்தைக் கலந்த தமிழச்சி என்று மேல்மாடி முழுக்கச் சிரிக்கும். இவ்வளவையும் யோசித்தேன். வயிற்றில் இருந்த பிள்ளையை யோசித்தேனா என்று கேட்டால், யோசித்தேன். ஆனால் அந்தப் பயம் மிகப் பெரியதாக இருந்ததால் அதைத் திரும்பிப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நெட்டைச்சி கிழவியைக் கையில் பிடித்துக்கொண்டு வந்தாள். கிழவி புழு கிடைக்கும் என்று நினைத்ததாக்கும், அவள் விரலைப் பிடித்துக்கொண்டு மூக்கை ஆட்டியது. சாடியின் மூடியை அவள் திறந்தபோது நான் அவளுடைய மணிக்கட்டைப் பிடித்துவிட்டேன்.

"அது அவளின்ரை இல்லை," என்றேன். "என்ரை."

"எது உம்முடையது?"

சிறுநீருக்கான டொச்சுச் சொல் எனக்குத் தெரியாதா? அந்த வேலையில் நான் முதலில் படித்த சொல்லே அதுதான். அதைச் சொல்லி, குழாயைக் காட்டி, பிறகு என் வயிற்றைக் காட்டினேன்.

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தவில்லை. கிழவியைக் கொண்டுபோய்க் கூட்டில் விட்டுக் கொக்கியைப் போட்டாள். வந்து என் முன்னால் குந்தி, என் முழங்காலுக்குக் கீழே பெருவிரலால் அழுத்தினாள். விரலை எடுத்த பிறகும் பள்ளம் அப்படியே நின்றது.

"தலையிடிக்குதோ?"

"ஓம்."

"கண்?"

"சில நேரம் பூச்சி பறக்கிற மாதிரி."

"வைத்தியர் என்ன சொன்னவர்?"

"நான் போகேல்லை."

அவள் எலிகளைப் படித்தவள், மனிதரைப் படித்தவள் இல்லை. ஆனால் வயிற்றில் பிள்ளை, சிறுநீரில் இரத்தப் புரதம், வீங்கின கால்; அதற்கு மேல் அவளுக்கு ஒன்றும் தேவைப்படவில்லை. வெள்ளை மேலங்கியைக் கழற்றாமலே என்னைத் தன் காரில் ஏற்றினாள். வழியில்தான் கத்தினாள். ஏன் போகவில்லை, ஏன் சொல்லவில்லை, ஏன் குழாயில் பிடித்தாய்?

"பொடியனோ எண்டு பாக்க," என்றேன். "உம்மடை ஆண் எலியளுக்குக் கலங்குது தானே."

சிவப்பு விளக்கில் நின்றிருந்தோம். அவள் என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே கண் கலங்கிவிட்டது. விளக்கு பச்சையானதும் முன்னால் நின்ற காருக்கு ஹோர்ன் அடித்தாள். சுவிஸில் ஒருவர் அப்படி ஹோர்ன் அடித்து நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

ஆஸ்பத்திரியில் பிறஷர் பார்த்த தாதி இன்னொரு தரம் பார்த்தாள், பிறகு நடக்காமல் ஓடினாள். அதோடு எல்லாம் வேகமாக நடந்தது. கருப்பத்தில் சில பெண்களுக்கு வருகிற நோய் என்றும், பிள்ளையை வெளியே எடுப்பதைத் தவிர இதற்கு மருந்து இல்லை என்றும், விட்டால் எனக்கு வலிப்பு வரும், இரண்டு பேரும் போய்விடுவோம் என்றும் வைத்தியர் சொன்னார். நெட்டைச்சி அதை எனக்கு விளங்கும் டொச்சில் திருப்பிச் சொன்னாள். கணவரைச் சமையலறையில் இருந்து கூப்பிட்டு வந்தார்கள். ஏப்ரன் கட்டியபடி வந்து கட்டிலுக்குப் பக்கத்தில் நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. கையெழுத்துப் போடச் சொன்ன இடத்தில் போட்டார்.

அறுத்து எடுத்தார்கள். பெட்டை.

என் கை நீளம்கூட இல்லை. கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பிழைக்கும் என்று உறுதியாகச் சொல்ல அவர்களுக்கே சில காலம் எடுத்தது. எனக்கும் உடனே சுகம் வரவில்லை. பிறஷர் இறங்க மாட்டேன் என்று நின்றது, சிறுநீரில் புரதம் போய்க்கொண்டே இருந்தது. தாதி ஒவ்வொரு நாளும் என்னிடம் வாங்கிப் பார்த்தாள்.

நெட்டைச்சி ஒரு நாள் பார்க்க வந்தாள். பூக்கொத்து இல்லை, ஒரு சொக்கலேட் பெட்டி. பேராசிரியரிடம் போய், முந்தின நாள் சொன்ன கண்டுபிடிப்பு பிழை என்று சொல்ல வேண்டியிருந்ததாம். அவர் காரணம் கேட்டதற்கு, குழாய் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னாளாம். "இனி என்ரை ராக்கை அடுக்கிலை உம்முடைய குழாயைக் கண்டனோ, உம்மைத்தான் தகட்டிலை ஓட விடுவன்," என்று என்னைத் திட்டிவிட்டு, கண்ணாடிப் பெட்டிக்குப் பக்கத்தில் போய் வெகு நேரம் நின்றாள். கிழவி அதற்குப் பிறகும் நன்றாகத் தின்றுகொண்டு இருந்தது. ஆண் எலியின் செய்தி புரதத்தில்தான் இருக்கிறதா என்று நான் அங்கே வேலை செய்த காலத்தில் அவளால் நிரூபிக்க முடியவில்லை.

எல்லாக் கதையும் கணவருக்குத் தெரிய வந்தது அன்றைக்கு அவள் ஆங்கிலத்தில் சொன்னதில்தான். அவள் போன பிறகு அவர் கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையில் உட்கார்ந்திருந்தார். அவர் கோபப்பட்டு நான் அதிகம் கண்டதில்லை. அன்றைக்கும் சத்தம் உயரவில்லை.

"எலியைக் கொல்லப்போகினம் எண்டவுடனை வாய் திறந்தனீர்," என்றார். "கால் வீங்கினது, தலையிடிச்சது, ஆஸ்பத்திரிக்குப் போகாமல் விட்டது, ஒண்டும் எனக்குச் சொல்லேல்லை."

"நீங்கள் கேக்கேல்லை."

"எப்பிடியப்பா கேக்கிறது அதுகளை?"

"எப்பிடியப்பா சொல்லுறது அதுகளை?"

  அழுகை வந்தது, அழுதேன். அவர் கடைசி ரயில் போய்விடும் என்று எழும்பிப் போனார்.

அடுத்த நாள் மாலை நடைபாதையில் அவருடைய குரல் கேட்டது. பார்க்க வந்த ஆட்கள் நிறையப் பேர் வெளியே நின்றார்கள். அதில் இரண்டு பேர் தமிழர், எங்களுக்கு முகம் தெரிந்தவர்கள். அவர் தாதியை மறித்து வைத்துக்கொண்டு, யாரிடமோ கேட்டுப் பாடமாக்கிக்கொண்டு வந்த டொச்சில், சமையலறையில் கத்திப் பழகின சத்தத்தில் கேட்டார்:

"என் மனைவியின் சிறுநீரில் இன்றைக்கு எவ்வளவு புரதம்?"

தாதி ஏதோ சொன்னாள். அவருக்கு விளங்கவில்லை. இன்னொரு தரம் கேட்டார், முதல் தரத்தைவிடச் சத்தமாக. புரதம் இல்லை என்று அவள் சொன்ன நாள் வரைக்கும் ஒவ்வொரு மாலையும் அதே இடத்தில் நின்று அதே கேள்வியைக் கேட்டார். உள்ளே கட்டிலில் படுத்திருந்த எனக்கு வெட்கத்தில் உயிர் போனது. நிறுத்தச் சொல்லி நான் ஒரு நாளும் சொல்லவில்லை.